பட்டு மாடிக்கு ஒரு நிறம்

மஞ்சக்குப்பம், கடலூர்
20 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கயல்விழி எழுதுவது. நானும் எழிலனும் சுகமாக இருக்கிறோம். அக்கா கொடுத்தனுப்பிய அதிரசம் தீர்ந்துபோனதைத் தவிர இங்கே வேறு குறை இல்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? காணும் பொங்கலன்று என்னோடு போட்ட சத்தத்தில் அது ஜாஸ்தியாகியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஆரம்பித்தது நீங்கள்தான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் லெட்டரா என்று யாராவது கேட்டால் அக்காவைக் கைகாட்டிவிடுங்கள். "கடை கலரைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் இனிமே போன்ல கத்துனீங்கன்னா, ரெண்டு போனையும் கிரைண்டர்ல போட்டு அரைச்சிடுவேன்" என்று சட்டம் போட்டது அவள்தானே. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதற்குத்தான். நான் அனுப்பிய நிறம் உங்கள் போனில் ஆரஞ்சாகத் தெரிந்தது, அக்கா போனில் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. எதைப் பார்த்துச் சண்டை போட்டோம் என்றே நமக்குத் தெரியவில்லை. ஆகவே நிறத்தை அட்டையில் பூசி இதோடு வைத்திருக்கிறேன். இதுதான் அசல்.

தெற்கு வீதிக் கடைக்கு மேலே நீங்கள் எழுப்பியிருக்கும் புது மாடி, பட்டுக்கு மட்டுமான மாடி. அதற்கு இந்தச் செங்கல் நிறம். சுவருக்கு மட்டும் இல்லை. சீலிங், கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் இதே நிறம். உள்ளே வருகிறவர்கள் நிறத்துக்குள்ளேயே முங்கி எழ வேண்டும். இப்போது உலகம் முழுக்க கடைகளும் ஓட்டல்களும் இந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நாம் முந்திக்கொண்டால் ஜில்லாவிலேயே முதல் ஆள் நீங்கள்.

பதில் போடுங்கள். அக்காவுக்கு முத்தங்கள், உங்களுக்கு முறைப்பு.

கயல்


தெற்கு வீதி, சிதம்பரம்
29 ஜனவரி 2025

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

மாமா ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். இருமல் போய்விட்டது, உன் அட்டையைப் பார்த்ததும் நெஞ்சடைப்பு வந்துவிட்டது.

செங்கல் நிறத்தில் சுவர் வேண்டும் என்றால் எதற்கு பெயிண்ட், எதற்கு டிசைனர்? சிமெண்ட் பூசாமல் அப்படியே விட்டிருந்தாலே போதுமே, மேஸ்திரி கூலியாவது மிஞ்சியிருக்கும். கடைக்கு வருகிறவன் "பட்டுக்கடை எங்க, சூளைக்குள்ள வந்துட்டோமே" என்று திரும்பிப் போய்விடுவான். பாண்டிச்சேரியில் போன மாதம் திறந்த ஷோரூமைப் பார்த்தாயா? சுவர் சாம்பல், தரை சாம்பல், விளக்கு வெள்ளை. உள்ளே நுழைந்தால் அமெரிக்கா மாதிரி இருக்கிறது. எனக்கு அது போதும்.

நம் வைத்திலிங்கத்தை உனக்குத் தெரியும், என் சித்தப்பா மகன், கடையில் பாதிப் பங்காளி. அட்டையை அவனிடம் காட்டினேன். அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவில் இருந்தவர்களிடம் "கொழுந்தியா கேட்டா அண்ணன் தலையைக்கூட செங்கல் கலரா மாத்திக்குவாரு" என்றானாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதனால் சாம்பல்தான்.

சகலை எழிலனைக் கேட்டதாகச் சொல். 

சடையப்பன்


கடலூர்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே கொசுவைத் தவிர எல்லோரும் உங்கள் நலத்தையே விரும்புகிறோம்.

சாம்பல் காலம் மலையேறிவிட்டது. பத்து வருஷமாக நகைக்கடை, துணிக்கடை, பல் ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் ஒரே சாம்பல், ஒரே வெள்ளை. போர்டைப் பார்க்காவிட்டால் புடவை எடுக்கப் போகிறோமா பல் பிடுங்கப் போகிறோமா என்று தெரியாது. மக்களுக்குச் சலித்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் மண்ணின் சூடு உள்ள நிறங்கள். செங்கல், காபிப்பொடி, பாசிப்பயறுப் பச்சை, வெண்ணெய் மஞ்சள். சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் சாம்பல் கேட்டு வரும் ஆள் போன வருஷமே பாதியாகிவிட்டது. பாண்டிச்சேரிக்காரர் பழைய சட்டையை இப்போதுதான் தைத்துப் போட்டிருக்கிறார், நீங்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள்.

இன்னொன்று. செங்கல் நிறத்துக்கு நடுவில் நிற்கும் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் தெரியுமா? நம் ஊர் மாநிறத்துக்கு அது மஞ்சள் பூசிக் குளித்த களையைக் கொடுக்கும். சாம்பல் நடுவில் நின்றால் காய்ச்சலில் எழுந்து வந்த மாதிரி இருப்பாள். கல்யாணப் பெண் கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்க்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இதை மட்டும் விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். சென்னையை விட்டு வந்து சொந்தமாக ஆபீஸ் போட்டபின் எனக்குக் கிடைத்திருக்கும் முதல் பெரிய வேலை இது. கடலூரில் என் காதுபடவே "அவளுக்கென்ன, அக்கா புருஷன் கடை" என்கிறார்கள். மாடி ஜெயித்தால் நான் டிசைனர். தோற்றால் காலத்துக்கும் கொழுந்தியாள்தான். பிறகு இந்த ஊரில் யாரும் எனக்கு ஒரு கழிவறைச் சுவரைக்கூட நம்பித் தர மாட்டார்கள். ஆகவே பாதி மனசோடு சரி என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்றாலும் முழுசாகச் சொல்லுங்கள்.

உங்கள் நலம் நாடும், கோபக்கார

கயல்


சிதம்பரம்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள கயலுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

முழு மனசோடு சொல்கிறேன், சரி. எப்படி மனம் மாறினேன் என்று கேட்கிறாயா? உன் லெட்டர் வந்த அன்று உன் அக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செங்கல் நிறப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து பரிமாறினாள். வேண்டுமென்றேதான். நான் தோற்றேன்.

பரங்கிப்பேட்டை நஸ்ருதீன் பெயிண்டிங் எடுத்திருக்கிறார். சீலிங்குக்கும் இதே நிறமா என்று அவர் ஆட்கள் ஆளுக்கொரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். "ஆமாம், முங்கி எழணும்" என்று நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். முன்பக்கம் மாடியை முழுசாக மறைத்து பெயர்ப் பலகை ஏற்றியாகிவிட்டது. "சடையப்பன் சில்க்ஸ்" என்று ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரம். கீழவீதி மூலையில் நின்றாலே தெரிகிறது. பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.

வைத்தி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறான். மாடியில் எடுத்த பட்டு, பில் போடாமல் படி இறங்கக் கூடாதாம். போட்டுக்கொள்ளட்டும், பங்காளிக்கு ஏதாவது அதிகாரம் வேண்டாமா.

சித்திரையில் திறப்பு. வந்துவிடு.

சடையப்பன்


கடலூர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு, அக்காவுக்கு,

இன்றும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மற்றபடி நலம்!

திறப்பு விழாக் கூட்டத்தைப் பார்த்தீர்களா? படியேறி உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று வாயைப் பிளந்தார்களே, அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் படித்தேன். யூனிவர்சிட்டிப் பெண்கள் புடவையே எடுக்காமல் சுவரோரம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். வைத்தி மாமா முறைத்தாலும் அவர் பெண் கண்ணாடி முன்னால் நின்று நகரவே இல்லை, கவனித்தீர்களா?

இங்கே வந்ததும் இரண்டு பேர் தேடி வந்துவிட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் கிளினிக் கட்டும் பல் டாக்டர் ஒருவர், பேக்கரி வைக்கப்போகும் ஒருவர். இரண்டு பேரும் சிதம்பரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். போய்ப் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள் என்றேன்.

அக்கா, முழங்காலைக் கவனி. மாமா, சாம்பல் கேட்ட வாய்க்குச் சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
கயல்


சிதம்பரம்
19 மே 2025

அன்புள்ள கயலுக்கு,

நலம். கடை நன்றாகப் போகிறது. ஆட்கள் வருகிறார்கள். வெயில் அதிகம், நீ வெளியே அலையாதே.

சடையப்பன்


கடலூர்
2 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள், நம்பிக்கை வரவில்லை.

உங்கள் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிண்டல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. சூளை என்ற வார்த்தையே இல்லை. "ஆட்கள் வருகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்? வருகிறவர்கள் வாங்குகிறார்களா?

பல் டாக்டர் போனே எடுப்பதில்லை. பேக்கரிக்காரர் "இப்ப வேணாங்க, பாத்துக்கலாம்" என்றார். சிதம்பரம் போனீர்களா என்று கேட்டேன். போனோம் என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. போனில் கேட்டால் அக்காவும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சாம்பாரைக் கிளறப் போய்விடுகிறாள்.

எதுவானாலும் எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. இந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது.

கயல்


சிதம்பரம்
20 ஜூன் 2025

அன்புள்ள கயலுக்கு அக்கா எழுதுவது,

நல்லா இருக்கியா. எழிலன் நல்லா இருக்காரா. நான் லெட்டர் எழுதி எத்தனையோ வருஷமாச்சு, தப்பு இருந்தா சிரிக்காதே. போன்ல சொன்னா நீ அழுவே, உன் அழுகையைக் கேட்டுட்டு என்னால மீதியைச் சொல்ல முடியாது. அதான் எழுதறேன்.

மாடி சரியாப் போகலை. கூட்டம் வருது, பாக்கறாங்க, வாங்கவும் வாங்கறாங்க. ஆனா வாங்கினதையெல்லாம் திருப்பிக் கொண்டாந்துடறாங்க. அந்தச் செங்கல் வெளிச்சத்துல எல்லாப் புடவையும் வேற நிறமாத் தெரியுது. மாம்பழ மஞ்சள்னு எடுத்தது வெளியில போய்ப் பார்த்தா எலுமிச்சையா இருக்கு. அரக்குன்னு எடுத்தது ராணி பிங்கா இருக்கு. ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு கல்யாண வீடு, முகூர்த்தப் பட்டைச் சொந்தக்காரங்க நடுவுல பிரிச்சிருக்காங்க, பொண்ணு ஓன்னு அழுதுருக்கு. அவுங்க மொத்தத்தையும் கொண்டாந்து கல்லா மேல போட்டுட்டுப் போனாங்க.

முன்னெல்லாம் பட்டு கீழேயே இருந்துச்சு. நாம என்ன பண்ணுவோம், புடவையைக் கையில தூக்கிட்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்துல பிரிச்சுப் பாப்போம். இப்ப மாடியில இருந்து எங்க போறது? வைத்தி வேற படி இறங்கக் கூடாதுன்னு வெச்சிருக்கான்.

இதுவரைக்கும் நீயே யூகிச்சிருப்பே. இனிமே எழுதறதுதான் உனக்குத் தெரியாதது. வைத்தி கடையில எல்லார் முன்னாலயும் "யார் யோசனை இது" ன்னு சத்தம் போட்டான். உன் மாமா "என் யோசனைதான். அந்தப் பொண்ணு அப்புறம் வேற கலருக்கு மாத்திக்கலாம்னுதான் சொல்லுச்சி, நான்தான் அடம் புடிச்சேன்" னு சொல்லிட்டாரு. வியாபாரிங்க சங்கத்துலயும் அதையேதான் சொல்லிருக்காரு. ஊரே இப்ப அவரைச் சூளை சடையப்பன்னு கூப்பிடுது. என்கிட்டயும் உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. நான் வாயால சொல்லலை, எழுதத்தான் எழுதறேன்.

ஆடி பொறந்ததும் சாம்பல் அடிக்கப் போறாங்க. வைத்தி பெயிண்டர்கிட்ட சொல்லிட்டான்.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா அருள்மொழி


கடலூர்
4 ஜூலை 2025

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நேரில் பார்த்துவிட்டேன், நலமாகத்தான் இருக்கிறீர்கள்.

ஆமாம், ஆனித் தேரன்று வந்திருந்தேன். தேர் பார்க்க வந்த கூட்டத்தோடு கூட்டமாக உங்கள் மாடிக்கு ஏறி, முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைத் தாண்டி நாலு தடவையாவது போயிருப்பீர்கள். யாரோ கூட்டத்தில் கால் வலித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு மோர் கொடுத்தனுப்பினீர்கள்.

என் பழியை நீங்கள் ஏன் தூக்கிச் சுமக்கிறீர்கள்? யாரைக் கேட்டு? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது மாமா. அக்கா லெட்டரைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. தப்பு என்னுடையது. அட்டையை என் ஆபீஸ் சுவரில் மாட்டி, காலை வெயிலில் பார்த்தேன், மாலையில் பார்த்தேன், விளக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரே ஒரு புடவையை வைத்துப் பார்க்கவில்லை. என் கல்யாணப் பட்டையே காஞ்சிபுரத்துக் கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், மூன்று தடவை பிரித்துப் பார்த்து வாங்கினவள் நான். கடைக்கு அழகு பார்க்கிற அவசரத்தில், வாங்குகிறவள் புடவையை எங்கே கொண்டு போய்ப் பார்ப்பாள் என்பதை மறந்துவிட்டேன்.

ஆனால் சாம்பல் அடிக்காதீர்கள். அன்றைக்கு உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கும்போது ஒவ்வொருத்தி முகமும் மலர்கிறது. அந்த இடத்தில் செங்கல் நிறம் ஜெயித்துவிட்டது. அதன்பின் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். தலையைத் திருப்பி வெளிச்சத்தைத் தேடினார்கள். ஒருத்தி ஏ.சி. பெட்டிக்குக் கீழே இருந்த சந்து வழியாகப் புடவை முந்தானையை நீட்டிப் பார்த்தாள். நாம் அவர்களுக்கு வாசல் இல்லாத வீட்டைக் கட்டியிருக்கிறோம்.

வாசலை மாடிக்குக் கொண்டு வருவோம். கடை வடக்குப் பார்த்தது. சன்ஷேடை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டால் நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். முன்பக்கச் சுவரை எடுத்துவிட்டு, வீதியைப் பார்த்துக் கண்ணாடி போட்டு, பத்துப் பேர் புடவையை விரித்துப் பார்க்கிற அளவுக்கு ஒரு கூடம். சாயங்காலத்துக்குப் பகல் வெளிச்சத்தையே கொடுக்கும் விளக்குகள். அந்தக் கூடத்துக்கு மட்டும் எந்தப் பக்கமும் சாயாத ஒரு நிறம் வேண்டும். சலவை வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். அங்கே வரவேண்டியது, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், மெல்லிய சாம்பல்.

இதற்கு ஒரு தடைதான் இருக்கிறது. முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் உங்கள் பெயர்ப் பலகை. அதை இறக்க வேண்டும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, பட்டு மாடி காலியாகத்தான் கிடக்கும். அந்த மாதத்தை எனக்குக் கொடுங்கள். ஆவணி முகூர்த்தத்தில் மறுபடியும் புடவைகள் திரும்பி வந்தால் நானே வந்து சுண்ணாம்பு மட்டை பிடித்துச் சாம்பல் அடிக்கிறேன், சங்கத்திலும் வந்து நின்று என் பெயரைச் சொல்கிறேன்.

கயல்விழி


சிதம்பரம்
14 ஜூலை 2025

அன்புள்ள கயலுக்கு,

அனைவரும் நலம். மோர் குடித்த முக்காட்டுக்காரி நீதானா! வேலைக்காரப் பையன் "அந்தம்மா டம்ளரைக்கூட நிமிந்து பாக்காம வாங்குனாங்க, கண்ணெல்லாம் சுவத்து மேலயே இருந்துச்சி" என்றான். ஏதோ மனசு சரியில்லாத அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

வைத்தி குதித்தான். "இருக்குற சுவத்தை இடிக்கிறதா, அண்ணனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா" என்றான். பழைய கடை வாசலில் அவன் மனைவி புடவையை நீட்டிப் பிடித்து, அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளை மட்டும் ஞாபகப்படுத்தினேன். "சரி, இடிங்க" என்றுவிட்டான். படி இறங்கக் கூடாது என்ற சட்டமும் அத்தோடு போனது.

பலகையை நேற்று இறக்கினார்கள். வீதியே கூடி நின்று பார்த்தது. "சூளைக்காரரு கடையை மூடுறாரு போல" என்று ஒருவன் என் காதில் விழும்படி சொன்னான். வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு மாடிக்கு ஏறினேன். பலகை மறைத்திருந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வெள்ளமாக உள்ளே வந்திருந்தது. கையில் கிடைத்த ஒரு மயில் கழுத்துப் புடவையைப் பிரித்தேன். முப்பது வருஷமாக விற்கிற நிறம், இப்போதுதான் முழுசாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பெயரைக் கதவுக்கு மேல் சிறியதாகப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள். கடைசியில் ஜெயித்தது என் சாம்பல்!

சடையப்பன்


சிதம்பரம்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள கயலுக்கு,

நலமோ நலம். உன் அக்கா முழங்கால் வலியை மறந்துவிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

லெட்டர் எழுத நேரமில்லாமல் போன காரணத்தைச் சொல்கிறேன், மார்தட்டிச் சொல்கிறேன். மாடியில் நிற்க இடமில்லை! ஆவணி பிறந்து ஒரு புடவை திரும்பி வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று.

போன வாரம் பரங்கிப்பேட்டையிலிருந்து சைதுன் பீவி என்று ஓர் அம்மா, மகள் ரூமானாவுக்கு நிக்காஹ் புடவை எடுக்க வந்தார்கள். ஏற்கனவே வேறு ஊரில் இரண்டு கடை ஏறி ஏமாந்தவர்கள். அந்தப் பெண் தேன் நிறப் பட்டு ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தது. உன் செங்கல் சுவர் பின்னால் நிற்க, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த அம்மா "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அடுத்த வார்த்தை, "வெளிச்சத்துல காட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்."

நான் கூடத்தைக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடிப் பக்கம் போய்ப் புடவையை உதறிப் பிரித்தார்கள். பிரித்த புடவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "அதே கலருதானே இருக்கு" என்றார்கள், ஏதோ நான் மோசடி செய்துவிட்ட மாதிரி. கண்ணாடி போட்டபின் பகல் வெளிச்சம் உள்வரைக்கும் வருகிறது, செங்கல் இப்போது நிறத்தைத் திரிப்பதில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஏழெட்டுப் புடவையை அங்கேயும் இங்கேயும் கொண்டு போய்ப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பிடித்ததை உள்ளே எடுப்பார்கள், கூடத்தில் சரி பார்ப்பார்கள். கடைசியில் ரூமானா "உம்மா, இங்கயே எல்லாத்தையும் எடுத்துடலாம், இனிமே எங்கயும் அலைய வேணாம்" என்றது. மாப்பிள்ளை வீட்டாரையும் மறுநாள் அழைத்து வந்துவிட்டார்கள்.

இப்போது ஊரில் பெண்கள் "சடையப்பன் கடை வாசல்ல பாத்தியா" என்று கேட்டுக்கொள்கிறார்களாம். மாடியில் இருக்கிற கூடத்துக்கு அதுதான் பெயர். சங்கத் தலைவர் குடும்பத்தோடு வந்து போனார். பாண்டிச்சேரி சாம்பல் கடைக்காரர் ஆளை விட்டு அளவெடுத்துக்கொண்டு போகிறார். எடுக்கட்டும், நானே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். வைத்தியை மட்டும் பார்க்க வேண்டும். வருகிறவர்களிடம் எல்லாம் "ஆரம்பத்துலயே நான் சொன்னேன், செங்கல் கலருதான் சரிப்படும்னு" என்கிறான்!

சூளை சடையப்பன் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் இப்போது அதை மரியாதையாகச் சொல்கிறார்கள்.

உன் ஆபீஸ் எப்படிப் போகிறது? யாராவது வந்தார்களா? நீ ஒன்றும் எழுதுவதில்லை.

சடையப்பன்


கடலூர்
12 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். எழிலன் நலம். மழை வெளுத்து வாங்குகிறது, கெடிலம் ஆறு நிறைந்து போகிறது, எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை. மாடி ஜெயித்தது, அக்கா புருஷன் கடை ஜெயித்தது என்றுதான் இங்கே பேசிக்கொண்டார்கள். பாராட்ட வந்தவர்கள்கூட "சொந்தத்துக்குன்னா பாத்துப் பாத்துதானே செய்வே" என்றுவிட்டுப் போனார்கள். உங்கள் சந்தோஷத்தில் அதைக் கலக்க மனம் வரவில்லை.

முந்தாநாள் ஒருவர் வந்தார். காடாம்புலியூர் கார்த்திகேசன், முந்திரி ஏற்றுமதி. பண்ருட்டி ரோட்டில் முந்திரிக்கென்று பெரிய விற்பனை நிலையம் கட்டுகிறார். மேலே ஓட்டல், கீழே கடை. பெண் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க உங்கள் மாடிக்கு வந்திருக்கிறார். பெண்கள் புடவை பார்த்த நேரமெல்லாம் அவர் சுவரையும் சீலிங்கையும் பார்த்துக்கொண்டு இருந்தாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இதை யாரு பண்ணாங்கன்னு கடைக்காரரைக் கேட்டேங்க. கடலூர்ல ஒரு அம்மா இருக்காங்க, ரொம்ப கறாரு, பணம் குடுக்கறவன் பேச்சையே கேக்க மாட்டாங்க, என் பேரு போட்ட போர்டையே கழட்டிப் போட்டாங்க, உங்க வேலையை ஒத்துக்குவாங்களோ என்னமோன்னாரு. உங்களுக்குச் சொந்தமாங்கன்னு கேட்டேன். சும்மா கேட்டேங்க, ஒரு பேச்சுக்கு. மனுசன் பதறிப் போயி, ஐயய்யோ, நமக்கேதுங்க அப்படியெல்லாம் சொந்தம்னாரு."

நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என்ன நிறம் நினைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதை நீங்கதானேம்மா சொல்லணும், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். கட்டடம் நிற்கும் இடத்தைப் பார்க்காமல், அங்கே வருகிறவர்கள் முந்திரியைக் கையில் எடுத்து எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்காமல், நிறம் சொல்ல மாட்டேன் என்றேன். "அவரு சொன்னது சரிதான், கறாருதான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். கடை, ஓட்டல் இரண்டும் எனக்கு!

அவர் படி இறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊர் ஏசியபோது என் தப்பை உங்களுடையது என்றீர்கள். ஊர் கொண்டாடும்போது நான் உங்களுக்கு யாருமே இல்லை என்றுவிட்டீர்கள். இதைப் பற்றி உங்கள் லெட்டரில் ஒரு வரி இல்லை. நான் எழுதாவிட்டால் கடைசிவரை சொல்லியிருக்கவே மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காடாம்புலியூர் போகிறேன். கார்த்திகேசன் மறுபடி உங்கள் கடைக்கு வந்தால் வாயைக் கட்டி வையுங்கள். அக்காவையும் கட்டி வையுங்கள். 

இப்படிக்கு,
உங்களுக்குச் சொந்தமே இல்லாத
கயல்விழி